விடாத விரல்

மிக்ஸியில் கருகல் வாடை. குமிழை இடப்பக்கம் திருகிப் பிடித்தபடியே, "மெயினை ஆஃப் பண்ணு" என்று மனைவியிடம் அலறினேன்.

இதே வாடை சின்ன வயதில் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலும் வந்தது. நண்பன் சேகரின் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த, மின்சாரத்தில் ஓடும் ஸ்லாட் கார் பொம்மைகளை வராந்தாவில் நேர்த்தடம் போட்டுப் பந்தயம் விட்டோம். கையிலுள்ள ஸ்விட்சை அழுத்தினால் கார் பறக்கும், விட்டால் நிற்கும். தடத்தின் முடிவில் தலையணை. என் கார் அதில் முட்டிய பிறகும் நான் விடவில்லை. சக்கரம் சுழன்று மோட்டார் புகைந்தது. "யாராவது ஆஃப் பண்ணுங்கடா" என்று கத்தியதும் நான்தான்.

"அரே, விரலை எடுடா" என்றான் சேகர். வராந்தாவே சிரித்தது. "இனிமே நீ தலையணையைப் பிடிச்சுக்க, போதும்."

காது சிவக்க, விடுமுறை முழுக்கப் பிடித்தேன்.

மனைவி வந்து என் விரலைப் பிரித்தெடுத்தாள். மிக்ஸி நின்றது.

"நகருங்க. நீங்க மூடியை மட்டும் பிடிங்க."