கருங்காவயல் கல்வெட்டை எழுதியவள்

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் செல்வராணி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். மனு டைப் அடிக்க, ஆதார் பிரிண்ட் எடுக்க, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க என்று காலை முழுவதும் கூட்டம் நிற்கும். இரண்டு மணிக்கு மேல் சந்து அடங்கிவிடும். அப்போது அவள் லேப்டாப்பைத் திறந்து நாடாளத் தொடங்குவாள்.

அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. பழைய காலத்துச் சிற்றரசன் ஒருவனை எடுத்துக்கொண்டு படை திரட்ட வேண்டும், பிள்ளைகளுக்குப் பெண் பார்க்க வேண்டும், கூட இருந்து குழி பறிப்பவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அரசன் செத்தால் அவன் வாரிசாக இருந்து ஆட்டத்தைத் தொடரலாம். இன்னார் கோழை, இன்னார் பேராசைக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் குணத்தை விளையாட்டே கொடுத்துவிடும். அதை நாம் மாற்ற முடியாது. கிடைத்த ஆட்களை வைத்துக்கொண்டுதான் ஆள வேண்டும்.

ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவர் முத்துராஜ் ஆறு வருடங்களுக்கு முன் லீவில் வந்தபோது அதை லேப்டாப்பில் ஏற்றினார். அவருடைய ராஜா இரண்டே நாளில் வாரிசில்லாமல் செத்துப்போனார். அவரும் அத்தோடு விட்டுவிட்டார். செல்வராணி விடவில்லை.

அவளும் நானும் புதுக்கோட்டையில் ஒன்றாக பி.ஏ. வரலாறு படித்தவர்கள். நான் குடுமியான்மலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். கல்லூரியில் பேராசிரியர் ஒருநாள் கரும்பலகையில் ஒரு ஆண்டைத் தவறாக எழுதிவிட்டார். எங்கள் எல்லாருக்கும் சந்தேகம் இருந்தது. எழுந்து நின்று, "சார், அது தப்பு" என்றவள் இவள் ஒருத்திதான். குரலில் நடுக்கமோ மிடுக்கோ இல்லை. மழை வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். இன்றைக்கும் அப்படித்தான் பேசுவாள்.

கதை எழுத ஆரம்பித்தது முத்துராஜால்தான். வெள்ளிக்கிழமை காலையில் அவர் பேசும்போது, அந்த வாரம் தன் நாட்டில் நடந்ததை இவள் சொல்வாள். அவளுடைய முதல் அரசனுக்கு வீரபயங்கரப் பேரரையன் என்று பெயர் வைத்திருந்தாள். விளையாட்டு அவனுக்குக் கொடுத்த குணமோ கோழை. போருக்குப் போனால் படையின் பின்வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தானே போய்விடுவான். அரண்மனையில் மற்ற யாருக்கும் துப்பறியும் திறமை இல்லாததால், அவன் மாமியாரையே ஒற்றர் தலைவியாக்க வேண்டியதாயிற்று. "அன்று முதல் நாட்டில் ரகசியம் என்று எதுவும் இல்லை. அரண்மனைக் குழம்பில் உப்புக் கூடியது பொழுது சாய்வதற்குள் பகைவர் பாசறை வரை தெரிந்தது" என்று பின்னால் எழுதினாள். விளையாட்டுக் கணக்கில் எட்டு வருடம் சண்டை போட்டு ஒரு கோட்டையைப் பிடித்த அன்று, விருந்தில் எலும்பு தொண்டையில் சிக்கி அரசன் இறந்துபோனான்.

முத்துராஜ் சிரித்த சிரிப்பில் ரூமில் இருந்தவர்கள் எழுந்து வந்து என்னவென்று கேட்டார்களாம். "எழுதி அனுப்பு ராணி. என்னால திருப்பிச் சொல்ல முடியல, நடுவுல நானே சிரிச்சிர்றேன்" என்றார் அவர். அவள் எழுதினாள். அங்கே எட்டுப் பேருக்கு அவர் வாசித்துக் காட்டினார். இங்கே எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினாள். ஒரு வாரம் வராவிட்டால், "நாட்டில் என்ன நிலவரம்?" என்று நாங்களே கேட்கத் தொடங்கினோம்.

போன வருடம் ஒரு கதையைக் கல்வெட்டு மாதிரி எழுதினாள். தோற்று ஓடிய அரசன் தன்னைக் காப்பாற்றியவனுக்கு உரிமை கொடுப்பதாக வரும் கதை அது. ஊருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. டவுன் பஸ் போர்டில் பார்த்த கருங்காவயல் என்ற பெயர் நன்றாக இருந்ததால் அதையே போட்டுவிட்டாள். அவள் அந்த ஊருக்குப் போனதுகூட இல்லை. கீழத்தெரு, திருவிழாவில் முதல் திருநீறு எல்லாம் எந்த ஊரிலும் இருப்பதுதானே என்று சேர்த்துக்கொண்டாள்.

"ஸ்வஸ்தி ஸ்ரீ. கோ வீரபயங்கரப் பேரரையர்க்கு யாண்டு பதினொன்று. பகைவருக்கு முதுகு காட்டாத நம் பெருமான், அன்று மட்டும் முதுகைத் தவிர வேறெதையும் காட்டாமல் ஓடிவந்து, கருங்காவயல் கீழத்தெரு மூக்கனின் ஆட்டுப்பட்டியில் மூன்று நாள் ஒளிந்தருளினார். மூக்கன் கம்பங்கூழும் மிளகாய்த் துவையலும் கொடுத்துக் காத்தான். ஆகவே இவன் வழியார் சந்திராதித்தர் உள்ளவரை ஊர்த் திருவிழாவில் முதல் திருநீறு பெறக் கடவர். இதை மறுத்துப் பேசுவோர் அதே பட்டியில் ஆடுகளோடு மூன்று நாள் படுக்கக் கடவர்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். செல்வராணி தன் பெயரைப் போட்டிருக்கவில்லை. அனுப்பிய எங்களில் ஒருவருக்கும் அதைச் சேர்க்கத் தோன்றவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் பழனிச்சாமி என்பவர் அவள் கடைக்கு வந்தார். எழுபது வயதை நெருங்கியவர், வெள்ளைச் சட்டை, பையில் பேனா. போனை நீட்டினார்.

"இதப் பெருசாப் போட்டு லேமினேசன் பண்ணித் தாங்கம்மா. பத்துக் காப்பி."

செல்வராணி வாங்கிப் பார்த்தாள். மேலே ஏதோ ஒரு கோயில் சுவரின் படம். கீழே அவளுடைய வரிகள். ஆனால் யாரோ கை வைத்திருந்தார்கள். முதுகு காட்டியதைக் காணோம். 'ஒளிந்தருளினார்' என்பது 'தங்கியருளினார்' என்று மாறியிருந்தது. ஆட்டுப்பட்டி, அரண்மனைத் தொழுவமாக உயர்ந்திருந்தது. கடைசித் தண்டனை மொத்தமாகப் போய்விட்டது. சிரிப்பை எல்லாம் பிடுங்கிவிட்டதால் அது நிஜமான கல்வெட்டு போலவே நின்றது.

"இது எங்கிட்டு கெடச்சுது அய்யா?"

"எங்க ஊருக் கல்வெட்டும்மா. ஆயிரம் வருசத்துக்கு முந்துனது. கீழத்தெருவுக்குத்தான் முதல் திருநீறுன்னு ராசாவே எழுதி வச்சிருக்காரு. திருவிழாவுல முதல் திருநீறு யாருக்குன்னு ரெண்டு தெருவுக்கும் தகராறு, ஞாயித்துக்கெழம கூட்டம். மேலத்தெரு பங்காளிக மொகத்துக்கு நேரா வைக்கப் போறேன்."

"அய்யா, இத எழுதுனது நான்."

"ஆமா, டைப் அடிக்கிறவங்கதானே நீங்க."

"டைப் இல்லங்கய்யா. கற்பனையா எழுதுனேன். இந்த ராசா கம்ப்யூட்டர் வெளாட்டுல வாரவரு."

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். குழுவில் தான் அனுப்பிய தேதியைக் காட்டினாள். அவர் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தார்.

"மேலத்தெருக்காரன் எவனும் வந்து பாத்தானா ஒங்கள?"

"யாரும் வரலய்யா. நெசமாத்தான் சொல்றேன். இத நான் பிரிண்ட் போட்டுத் தரமாட்டேன்."

"அறந்தாங்கில கடைக்கா பஞ்சம்?" என்று போனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே எனக்குப் போன் வந்தது. "ஞாயித்துக்கெழம என்கூட வா. கருங்காவயல் போகணும்." வேண்டாம், அடி விழும் என்று பயந்து சொன்னேன். முத்துராஜும் தடுத்துப் பார்த்தாராம்.

"விடு ராணி. நீ பேரு போட்டா அனுப்புன? யாருக்குத் தெரியப்போவுது?"

"போடாம விட்டதுதாங்க தப்பு. ரெண்டு தெருவும் இதுக்காக அடிச்சுக்கிட்டா நான் என்ன செய்யறது?"

"பத்திரமாப் போயிட்டு வா" என்றாராம் அவர். அவளைக் கட்டி இருபது வருடம் ஆகிறது.

ஞாயிறு பதினோரு மணிக்கு, கோயில் முன்னால் தகரக் கொட்டகையில் அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஊராட்சித் தலைவி மருதாயி நடுவில் இருந்தார். பழனிச்சாமி வேறெங்கோ போட்ட லேமினேஷன் அட்டைகள் கை மாறிக்கொண்டிருந்தன. எங்களைக் கண்டதும் அவர் முகம் இறுகியது. செல்வராணி நேராகத் தலைவியிடம் போய், இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்றாள்.

"நீங்க யாரு?"

"அறந்தாங்கில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேங்க. இந்த அட்டைல இருக்கறத எழுதுனது நான்தான்."

கொட்டகை இரைந்தது. "யாரு அனுப்புனா ஒன்னைய?" என்று கீழத்தெருப் பக்கம் ஒருவர் எழுந்துவிட்டார். சத்தம் அடங்கும்வரை அவள் நின்றாள். பிறகு அட்டை ஒன்றை வாங்கிக் கையில் பிடித்தாள்.

"நான் வரலாறு படிச்சவ. இதுல ஒரு வரி பாருங்க. மூக்கன் ராசாவுக்கு மிளகாய்த் துவையல் குடுத்தான்னு இருக்கு. மிளகாய் நம்ம நாட்டுக்குக் கப்பல்ல வந்து ஐந்நூறு வருசந்தான் இருக்கும். அதுக்கு முந்தி நம்மாளுகளுக்குக் காரம்னா மிளகுதான். ஆயிரம் வருசத்துக்கு முந்தி இருந்த மூக்கன் மிளகாய்க்கு எங்க போவான்?"

பின்வரிசையில் ஒருவர், "அட, ஆமால்ல" என்றார்.

"அவசரத்துல எழுதிட்டேன். அன்னைக்கிக் கடைல வாசிச்சப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. எழுதுனதும் நான்தான், தப்பா எழுதுனதும் நான்தான்."

மேலத்தெருப் பக்கம் விசில் பறந்தது. செல்வராணி அந்தப் பக்கம் திரும்பினாள்.

"நீங்க விசிலடிக்காதீங்க தம்பி. மேலத்தெருவுக்கும் நான் ஒண்ணும் எழுதி வைக்கல."

இதற்கு இரண்டு பக்கமும் சிரித்துவிட்டது. மருதாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "ஏம்மா, நீங்க எழுதுன முழுசும் இருக்கா? வாசிங்க கேப்போம்" என்றார்.

அவள் போனை எடுத்து, கல்வெட்டுக் குரலில் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். முதுகைத் தவிர வேறெதையும் காட்டாமல் ஓடிய இடத்தில் கொட்டகை குலுங்கியது. ஆடுகளோடு மூன்று நாள் படுக்கக் கடவர் என்ற இடத்தில், பங்காளிகள் ஒருவரை ஒருவர் கைகாட்டிச் சிரித்தார்கள். நானும் பயம் மறந்து சிரித்தேன்.

அப்போதுதான் பழனிச்சாமி எழுந்தார். அட்டைகளை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். செல்வராணி போனைப் பைக்குள் போட்டாள். அவர் பின்னாலேயே போனாள். வண்டிக்குப் பக்கத்தில் போய்ப் பிடித்தாள்.

"அய்யா, ஒங்க ஊருப் பேரக் கேக்காம போட்டது என் தப்பு. மன்னிச்சுக்கங்க."

"முப்பது வருசம் டிக்கெட் கிழிச்சேன். ஒருத்தன் என்னைய ஏய்ச்சதில்ல. இன்னிக்கி சபைல என்னைய ஏமாளியாக்கிட்டியேம்மா."

அவர் வண்டியில் சாவியைப் போட்டார்.

"இதக் கோர்ட்டு வரைக்கும் கொண்டுபோயி, அங்க ஒரு வக்கீல் சிரிச்சிருந்தா இன்னும் கஷ்டமா இருந்திருக்கும்யா" என்றாள் அவள்.

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அந்த வருடத் திருவிழாவில் முதல் திருநீறு யாருக்கு என்று வழக்கம்போல் சீட்டுக் குலுக்கினார்கள். மேலத்தெருவுக்கு விழுந்தது. தகராறு தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த வருடமும் கூட்டம் போடத்தான் போகிறார்கள். ஆனால் கல்வெட்டைக் காட்டி யாரும் யாரையும் அடிக்கவில்லை.

அன்று கூட்டத்திலிருந்து திரும்பி வரும் வழியில் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தபடி, "இனிமே பேரு போட்டுத்தான் எழுதுவேன்" என்றாள் அவள். எழுதுவதை விட்டுவிடுவாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கேட்டே விட்டேன்.

"ஏன் விடணும்? அறுபது பேரு சிரிச்சாங்கல்ல? நல்லா எழுதியிருக்கேன்னுதானே அர்த்தம்?"

இப்போது ஒவ்வொரு கதைக்கு மேலும் 'இது கற்பனை, எழுதியது செல்வராணி, அறந்தாங்கி' என்று போன் நம்பரோடு போடுகிறாள். ஊர்ப் பெயர்களை உண்டாக்கி, அப்படி ஓர் ஊர் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறாள். மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி மூன்றும் அவள் நாட்டுக்குள் நுழையத் தடை.

இரண்டு மாதம் கழித்துப் பழனிச்சாமி கடைக்கு வந்தார், பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்றிதழ் எடுக்க. விரல் ரேகை மூன்று தடவை விழவில்லை. ஈரத்துணியால் அவர் கட்டைவிரலைத் துடைத்து, நான்காவது தடவை அழுத்திப் பிடித்து விழவைத்தாள். கதையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவளும் எடுக்கவில்லை. கிளம்பும்போது, "வாரேம்மா" என்றாராம். அந்த ஒரு சொல்லை அன்று என்னிடம் போன் போட்டுச் சொன்னாள்.

போன் நம்பர் போட்டதால் புதுப்புது ஆட்கள் கூப்பிடுகிறார்கள். போன மாதம் ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஆரோக்கியம்மாள் என்று ஒருவர் பேசினார். ஐஸ் பிளான்ட் பக்கத்தில் மீன் தரம் பிரிக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர். "கையெல்லாம் மீனா இருக்கும்மா, போனத் தொட்டு வாசிக்க முடியல. நீங்களே பேசிப் போட்டு விட்டா ஸ்பீக்கர்ல வச்சுக் கேட்டுக்குவோம். கடலுக்குப் போன போட்டு எப்ப வரும், ஆளு பத்திரமா வருமான்னு பாத்துக்கிட்டே இருக்கோம். கொஞ்ச நேரம் மனசு அங்கிட்டுப் போவட்டும்."

அடுத்த நாளே, பகல் இரண்டரை மணிக்கு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனை மேஜைமேல் வைத்தாள். அன்று நானும் அங்கே இருந்தேன். முதல் முயற்சியில் பஸ் ஹாரன் புகுந்துவிட்டது. இரண்டாவதில் பக்கத்து டீக்கடைப் பாட்டு. மூன்றாவது நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பேரரையனின் கொள்ளுப் பேத்தி, நாலு வயதில் முடிசூடி, முதல் ஆணையாக எல்லாப் போர்களையும் மத்தியானத் தூக்கம் முடியும்வரை தள்ளிவைக்கிறாள். அந்த இடத்தில் ஷட்டருக்கு வெளியே பலமாக ஒரு சிரிப்புச் சத்தம். ஆதார் நகல் எடுக்க வந்த யாரோ ஒரு அம்மா, குனிந்து நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அழிச்சிட்டு மறுபடி எடுக்கலாமா?" என்றேன்.

"எதுக்கு? இருக்கட்டும்" என்று சொல்லி அப்படியே ஜெகதாப்பட்டினத்துக்கு அனுப்பினாள். பிறகு ஷட்டரைத் தூக்கி, "வாங்கம்மா, எத்தன காப்பி?" என்று கேட்டாள்.