இரண்டாவது சோதனை வரும்வரை

கல்யாணமான புதிதில் நாங்கள் இராயபுரத்தில், ரயில் பாதையை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டினார். அந்த வீடு இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிக் கட்டடம் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் என் கால் தானாக நின்றுவிடும்.

முதல் குழந்தை வயிற்றில் மூன்று மாதம். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எடுப்பதுபோல ஆஸ்பத்திரியில் எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது நர்ஸ் அக்கா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சிபிலிஸ் இருக்குதான்னு பாக்குற டெஸ்ட்ல உனக்கு லேசா பாசிட்டிவ்னு காட்டுதும்மா. வூட்டுக்காரரையும் கூட்டினு வா. பயப்படாத, இன்னொரு டெஸ்ட் எடுத்தாதான் நிச்சயமா சொல்ல முடியும்."

"அது எப்டிக்கா வரும்?"

பெரும்பாலும் உடலுறவு வழியாகத்தான் பரவும் என்று அவர் சொன்னார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "யோவ், நீ எங்கியாச்சும் போனியா?" என்று கேட்டேன்.

கை தட்டிலேயே நின்றது. "சத்தியமா இல்லமே," என்றார். அதற்குமேல் சாப்பிடவில்லை.

அடுத்து அவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவருக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. என்னுடையதை உறுதி செய்ய மறுபடி ரத்தம் எடுத்து வேறு சோதனைக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் அவரை விட்டுக் கொஞ்சம் தள்ளியே நின்றேன். கேள்வி இப்போது என் பக்கம் அல்லவா திரும்பிவிட்டது?

"உனுக்கு என் மேல சந்தேகமா இருக்குதா?" என்று நானே கேட்டேன்.

"அன்னிக்கு நீ என்னாண்ட கேட்டப்போ எனுக்கு எப்டி இருந்துச்சுன்னு எனுக்குத்தான் தெரியும். அத்தப் போயி உன்னாண்ட கேப்பனா? வாமே, பஸ்ஸு வருது."

முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் வேலை முடிந்ததும் என்னைக் காசிமேட்டுக் கடற்கரைக்கு அழைத்துப்போவார். கருங்கல் மேல் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்போம். சின்ன வயதில் எண்ணூர்க் கழிமுகத்தில் மூழ்கப் பார்த்தது, லாரி ஓட்டப் பழகியபோது அடி வாங்கியது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். கல்யாணமாகி அதுவரை நாங்கள் அவ்வளவு பேசியதே இல்லை. பயம் ஒரு பக்கம் இருந்தும், அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

முடிவு வந்த அன்று நர்ஸ் அக்கா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"உனக்கு ஒண்ணும் இல்லம்மா. மாசமா இருக்கும்போது சில பேருக்கு இப்டித் தப்பா காட்டும். கொஞ்ச நாள் முன்னால மலேரியா வேற வந்துதுன்னு சொன்னியே, அதனாலகூட இருக்கலாம்."

நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"இன்னாமே, நல்ல சேதிக்குப் போயி அழுவுற?" என்ற என் வீட்டுக்காரர், தானும் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

போகிற வழியில் சங்கரா மீன் வாங்கினார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவரே குழம்பு வைத்தார். உப்பும் தூக்கல், காரமும் தூக்கல். சட்டியை வழித்துச் சாப்பிட்டோம்.