முனாப் வாசிக்க மறுத்த அறிவித்தல்

2023ஆம் ஆண்டு யூலை மாதம் ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். எங்கள் வீட்டுப் படலையில் ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. அதன் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழல்கள், ஒன்று முன்னும் மற்றது பின்னும் பார்த்தபடி கட்டப்பட்டிருந்தன. வாப்பா அன்று சுபஹுத் தொழுகைக்குச் சற்று முன்னர் காலமாகியிருந்தார். வண்டியிலிருந்து இறங்கியவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஓசையின்றி உள்ளே வந்து, ஜனாஸா அறிவித்தலுக்கான விபரத்தைக் கேட்டார். அவர்தான் முனாப்.

சாய்ந்தமருதில் எங்கள் பகுதியில் ஒருவர் மௌத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒருமுறை சொல்லும். அதன் பின்னர் பள்ளிவாசல் சார்பில் முனாப் சந்தி சந்தியாக வண்டியை நிறுத்திச் சொல்லுவார். தமிழாசிரியன் என்ற முறையில் நான் அறிவித்தலை முன்கூட்டியே ஒரு முழுத் தாளில் எழுதி வைத்திருந்தேன். முனாப் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, உதடு மட்டும் அசைய, அதை வாசித்து முடித்தார்.

"சேர், இது ஒரு நிமிஷமும் இருவது செக்கனும் போகுது. சந்தியில சனம் நிண்டு கேக்குறது நாப்பது செக்கன்தான். அதுக்குப் புறகு மோட்டர்சைக்கிள ஸ்டார்ட் பண்ணிருவாங்க."

பேனாவை வாங்கி, 'சமூக சேவையாளர்', 'கண்ணியத்துக்குரிய', 'ஈடுசெய்ய முடியாத' ஆகிய மூன்றையும் வெட்டினார். வாப்பாவின் முழுப் பெயருக்கு மேலே 'சைக்கிள் கடை ஆதம்பாவா' என்று எழுதினார். அப்படிச் சொன்னால்தான் கேட்பவர்களுக்கு முகம் தெரியும் என்றார். அவர் சொன்னபடியே, மாலை அஸர் தொழுகைக்குப் பின்னர், அடக்கம் நடந்த மையவாடியில் இடமில்லாத அளவுக்குச் சனம் நின்றது. நான் கூலி கொடுக்கப் போனபோது மௌத்துக்கு வாங்குவதில்லை என்று கையை விலக்கினார். அப்படியானால் உங்களுக்கு எப்போதாவது ஏதாவது எழுதவேண்டி வந்தால் கட்டாயம் என்னிடம் வரவேண்டும் என்றேன்.

"சரி, சேர் எனக்கொரு எழுத்துக் கடன். தேவைப்படுற நாளைக்கு வந்து கேப்பன்," என்றார்.

அந்த நாளில் நான் அறியாத ஒன்றை வாசகர் இப்போதே அறிந்துகொள்வது நல்லது. அப்போது இரண்டு ஆண்டுகளாக, 'மூன்றாவது மணி' என்ற பெயரில் இணையத்தில் வெளிவந்த காணொளிகளுக்கு நான் அடிமையாகியிருந்தேன். முகம் காட்டாத ஒருவர், தாழ்ந்த, அவசரமில்லாத குரலில், அச்சுத் தமிழில், திரைப்படங்களைப் பற்றிப் பேசுவார். எல்லாக் காணொளிகளும் ஒரே விதமாகத் தொடங்கும்: "மூன்றாவது மணி அடித்துவிட்டது. விளக்கை அணைக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்." அந்தக் குரலுக்கு உரியவர் முனாப்தான். ஒலிபெருக்கிக் குழலுக்குள்ளால் நீண்டு, உரத்து, ஊரின் தலைக்கு மேலே போகும் குரலும், காதருகே வந்து பேசும் இந்தக் குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருவதாக நான் ஒருபோதும் எண்ணியதில்லை.

அவர் நடிகர்களைப் பற்றியோ வசூலைப் பற்றியோ பேசமாட்டார். படங்களில் கதவுகள் எப்படிச் சாத்தப்படுகின்றன என்று ஒரு காணொளி. சோறு போடும் கைகளைப் பற்றி இன்னொன்று. எனக்கு மிகப் பிடித்தது, படங்களில் மரணச் செய்தி வீட்டுக்கு வரும் காட்சிகளைப் பற்றியது. படங்களில் செய்தி கேட்டவர் உடனே அலறுகிறார். உண்மையில், முதலில் கேட்பவர் பெரும்பாலும் சம்பந்தமில்லாத ஒரு கேள்வியைத்தான் கேட்பார், 'அடுப்பை நிற்பாட்டினீர்களா' என்பது போல, என்று சொல்லியிருந்தார். இதை எப்படி இவ்வளவு சரியாக அறிந்தார் என்று நான் வியந்ததுண்டு.

நான்கு ஆண்டுகளில் அறுபத்தொரு காணொளிகள். கடைசியாக வந்தது 2025 யூன் மாதத்தில். அதன் முடிவில், "அடுத்தது கடல்" என்று மட்டும் சொன்னார். அதன் பின்னர் எதுவும் வரவில்லை.

காத்திருப்பவர்கள் ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தோம். இருநூறு பேர் வரை இருந்தோம். கத்தாரில் வேலை செய்யும் மருதமுனை இளைஞர் ஹாதிக் குழுவைத் தொடங்கியவர். நாவிதன்வெளியில் வயல் காவலில் இருந்துகொண்டு யானை வரும்வரை காணொளி பார்க்கும் சுஜிந்தன், கடைசிக் காணொளியின் கீழே தினமும் "இண்டைக்கும் மணி அடிக்கல்ல" என்று எழுதிவந்தார். நானும் சுபஹு தொழுததும் தஸ்பீஹ் மாலையை எடுக்குமுன் தொலைபேசியை எடுத்தேன். வகுப்பில் பாடத்தின் நடுவே கை சட்டைப்பைக்குப் போனது. பழையவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம், பார்த்தும் நிறையவில்லை.

நவம்பர் கடைசியில் புயல் வந்தது. மலைநாட்டில் மண் சரிந்து ஊர்கள் புதையுண்டன. அப்போதுதான் நான் அந்தப் பிழையைச் செய்தேன். அறுபத்தொரு காணொளிகளையும் குறிப்பேட்டுடன் மீண்டும் கேட்டேன். ஏழு இடங்களில், குரலுக்குப் பின்னால், தூரத்தில் ரயில் ஊதுவது கேட்டது. எங்கள் கரையில் ரயில் பாதை இல்லை. எனவே அவர் இந்தப் பக்கத்தவர் அல்லர். பல காணொளிகளில் மழை பெய்தது, ஆகவே மலைப்பக்கம். மண்சரிவில் பெயர் தெரியாமல் அடக்கப்பட்டவர்கள் பலர். காரண காரியத்தோடு நான் எழுதிய அந்த நீண்ட பதிவின் முடிவில், 'அவர் நம்மிடையே இல்லை என்றே கொள்ளவேண்டியிருக்கிறது' என்று முடித்திருந்தேன். ஆசிரியர் எழுதியது என்பதால் எவரும் மறுக்கவில்லை. ஹாதிக் அழுதபடி குரல்பதிவு அனுப்பினார்: பேச்சின் இடையே 'இன்ஷா அல்லாஹ்' சொல்பவர் முஸ்லிம்தான், உடல் கிடைக்காதவருக்குக் காயிப் ஜனாஸாத் தொழுகையாவது தொழுவிக்க வேண்டும், நீங்கள் உங்கள் பள்ளிவாசலில் கேளுங்கள், நாங்களும் இங்கே அதே நாளில் தொழுவோம்.

பள்ளிவாசல் நிருவாகத்தில் கேட்டேன். புயலில் மறைந்த, பெயர் அறியப்படாத ஒரு சகோதரர் என்றதும் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பின்னர் தொழுவிக்கச் சம்மதித்தார்கள். தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், அஸருக்குப் பிறகு, அறிவித்தலை எழுதி எடுத்துக்கொண்டு முனாப்பின் வீட்டுக்குப் போனேன்.

அவர் வாசலில் வைத்துக் குழல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கி, வழமைபோல் கடிகாரத்தைப் பார்த்தபடி உதடசைத்தார். பாதியில் உதடு நின்றது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி றாஹிலா யாரென்று கேட்டார்.

"முப்பத்தெட்டு செக்கன்," என்றார் முடிவில். "நல்லா எழுதியிரிக்கீங்க சேர். வெட்டுறதுக்கு ஒண்டுமில்ல."

காலையில் வாசிப்பீர்களா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். அவர் ஒருபோதும் அப்படிச் சொன்னவரல்லர். ஆனாலும் நான் அதைக் கவனிக்காமல் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு அவருடைய வண்டி எங்கள் படலையில் நின்றது. தாள் அவருடைய கையில் இருந்தது.

"சேர், இத என்னால வாசிக்க ஏலா. ஆள் ஹயாத்தோட, உசிரோட இரிக்காரு."

அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் என்னைப் பின் ஆசனத்தில் ஏற்றி, மழைக்குப் போடும் திரையை இரு பக்கமும் இறக்கிவிட்டார். இருட்டாக இருந்தது. எனக்கு முதுகைக் காட்டி அமர்ந்தபடி, "மூன்றாவது மணி அடித்துவிட்டது," என்றார். "விளக்கை அணைக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்."

நான் உண்மையாகவே தள்ளி உட்கார்ந்தேன். பிறகு நான் கேட்டது, வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், ரயிலைப் பற்றியே.

"ரயிலா? மீன் லொறி சேர். காசிம்ட லொறிக்கு ரயில் ஹோர்ன் பூட்டியிரிக்கான். மத்தியானம் லுஹருக்குப் புறகு தெருவுல சத்தமில்லாத நேரம் பார்த்துக் கடற்கரையில நிப்பாட்டி, இந்தத் திரைக்குள்ள இருந்துதான் எல்லாம் பேசின. அந்த நேரம் பார்த்து அவன் வருவான்."

அதன் பிறகே அவருடைய கதை எனக்குக் கிடைத்தது. சிறுவயதில் கல்முனையில் இருந்த ஒரு தியேட்டரில், மூன்றாவது மணி அடித்த பின்னர் வாயிற்காரர் இரக்கப்பட்டு விடும் சிறுவர்களில் ஒருவராகப் படம் பார்த்துப் பழகியவர். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி, வாப்பாவோடு மீன் வியாபாரத்தில் நின்றவர். 2004இல் சுனாமியாகக் கடல் வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. குரல் நல்லது என்று யாரோ ஒலிவாங்கியைக் கையில் கொடுக்க, ஒன்பது நாள்கள் பள்ளிவாசலில் இருந்து, கண்டெடுக்கப்பட்டவர்களின் பெயர்களை வாசித்தார். மூன்றாம் நாள் அவருடைய உம்மாவின் பெயர் தாளில் வந்தது. அதையும் வாசித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அன்று தொடங்கிய வேலைதான் இது.

"கடலைப் பத்தி எழுத இருந்தா அந்தப் பேர் வாசிச்ச குரல்தான் சேர் வருகுது, மத்தக் குரல் வருகுதில்ல. ஏழு மாசம் பார்த்தன்," என்றார்.

அந்தத் தாளை அவர் மடித்துக்கொண்டே இருந்தார்.

"நேத்து நினைச்சன், வாசிச்சா முடிஞ்சி எண்டு. கடல் எங்க, மணி எங்க எண்டு ஆரும் கேக்கமாட்டாங்க. மௌத்தான ஆளுட்ட ஆரு கேக்குற? பள்ளிக்கும் தெரியாமப் போயிரும், நான்தான் படம் பத்திக் கதைக்கிற எண்டு. றாஹிலாட்ட சென்னன். அவ சிரிச்சிட்டுக் கேக்குறா, 'அப்ப நான் புருஷன் மௌத்தான பொஞ்சாதி மாதிரி இத்தா இரிக்கணுமா, இல்ல மத்தியானத்துக்கு மீன் வாங்குறதா' எண்டு. மறுகா சிரிக்காமச் சென்னா: இருவத்தொரு வருஷத்துல நீ ஒரு பொய் மௌத்து வாசிச்சதில்ல எண்டு."

அவருடைய பெயர் வெளிவராமலே இதைத் தீர்க்கலாம் என்றேன். பிழை என்னுடையது, பள்ளிக்கும் குழுவுக்கும் நானே எழுதுகிறேன், அவர் உயிரோடிருப்பதாக நம்பகமான தகவல் கிடைத்தது என்று மட்டும் சொன்னால் போதும். அந்த எழுத்துக் கடனை இப்போது கேளுங்கள் என்று மன்றாடினேன்.

"நீங்கதான மௌத்தெண்டும் எழுதின," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, நிமிடக் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "மௌத்துச் செய்தி போன வீட்டுக்குக் கடிதம் மட்டும் காணாது சேர். ஆள் போகணும்."

பத்து மணிக்கு, தொடர்ந்து ஏழு மாதம் அசையாதிருந்த அந்தப் பக்கத்தில் ஒரு காணொளி ஏறியது. படமாகக் கடல் மட்டும். மார்கழி தையில் எங்கள் கரையில் இருக்கும் சேற்று நிறக் கடல். வண்டியின் குழல்களை அதை நோக்கித் திருப்பி, ஊருக்குப் பேசும் குரலில் முனாப் வாசித்தார்:

"அஸ்ஸலாமு அலைக்கும். ஓர் அறிவித்தல். 'மூன்றாவது மணி' என்ற பெயரில் படங்களைப் பற்றிப் பேசிவந்தவர் மௌத்தாகவில்லை. சாய்ந்தமருதில் ஹயாத்தோடு இருக்கிறார். அவருடைய பெயர் முனாப். அவருக்காக இன்று தொழுகை நடைபெறாது. அவரைத் தேடியவர்களுக்கு அவர் ஸலாம் சொல்கிறார். கடலைப் பற்றிய காணொளி வராது. அதற்காக மன்னித்துக்கொள்ளுங்கள்."

முப்பத்தொன்பது செக்கன்.

ஹாதிக் முதலில் ஏசினார், பிறகு அழுதார், பிறகு இரண்டையும் ஒரே பதிவில் செய்தார். சுஜிந்தன் பிள்ளையார் கோயிலில் ஆத்ம சாந்திக்கென்று அர்ச்சனை செய்து முடித்திருந்தார். "ஐயரிட்டக் கேட்டன், அத ஆயுளுக்கு மாத்தலாமாம்," என்று எழுதினார். குழுவில் அன்று பெருநாள் போலிருந்தது.

ஊரில் அப்படியில்லை. அந்தக் குரலை அறியாதவர் இங்கே எவருமில்லை. ஜும்மா கலையும்போதே எல்லாத் தொலைபேசியிலும் அது ஒலித்தது. மாலையில் நிருவாகம் கூடியது. நான் போய்ப் பிழை முழுவதும் என்னுடையது என்று சொன்னேன். தலைவர் அச்சிமுகம்மது ஹாஜியார் முனாப்பைத் திட்டவில்லை.

"நீ படம் பார்த்தது உனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில, மனே. மைக் ஊர்ட. கொஞ்ச நாளைக்கு அத கீழ வை," என்றார்.

முனாப் ஓம் என்றார்.

கொஞ்ச நாள் என்பது மூன்று மாதம் என்றார்கள், அதுவும் கடந்துவிட்டது. இப்போது மௌத்துகளைத் தொலைபேசியில் பதிந்த ஒரு குரல் சொல்கிறது. அது ஒரு நிமிடத்துக்கு மேலே போகிறது. சந்தியில் எவரும் முடியும்வரை நிற்பதில்லை. முனாப் நீர் வெட்டு, மின்வெட்டு, புடைவைக்கடை மலிவு விற்பனை ஆகியவற்றை வாசித்துத் திரிகிறார். கல்முனையிலிருந்து இளைஞர்கள் அவரோடு படம் எடுக்க வருகிறார்கள். அவர் குழல்களைத் துணியால் மூடிவிட்டுத்தான் நிற்கிறார். புதிய காணொளி எதுவும் வரவில்லை. ஆள் உயிரோடு, இரண்டு தெரு தள்ளி இருக்கிறார் என்று தெரிந்தும் காலையில் என் கை தொலைபேசிக்குத்தான் போகிறது.

அவரை மீண்டும் அந்த வேலைக்கு எடுக்கும்படி நிருவாகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதவேண்டும். ஐந்து முறை எழுதியிருக்கிறேன். ஐந்தாவதை முப்பத்தைந்து செக்கனுக்குள் வாசித்து முடிக்கலாம். அவர் கேட்காமல் அதைக் கொடுத்தால், அவர் கேட்காத ஒன்றை அவர் பெயரில் யாசித்ததாகிவிடும். கேட்டால் அன்றே கொடுக்கலாம்.

நேற்றும் எங்கள் சந்தியில் வண்டியை நிறுத்தினார். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை தண்ணீர் வராது என்று சொன்னார். என்னைக் கண்டு ஸலாம் சொல்லி, என் உம்மாவின் சுகம் விசாரித்து, வண்டியைக் கிளப்பிக்கொண்டு அடுத்த சந்திக்குப் போனார். நான் பட்ட எழுத்துக் கடனை அவர் கேட்கவேயில்லை.