குருவி பார்க்கப் போனவன்

ஆரணிக்கு வந்து மாதக்கணக்காகியும், காலையில் கதவைத் திறக்கும் முன் என் கை போனில் எஸ்டோனியாவின் குளிரைத்தான் தேடுகிறது. “வெளிய வந்து பாருடா, சட்டையே போட முடியல,” என்று அம்மா சிரிப்பார். தங்கை கல்யாணத்துக்கு வந்தவன் நான். விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் தூதரகத்திலேயே கிடக்கிறது. மே மாதத்துக்குள் திரும்பாவிட்டால் அங்கே என் ஆராய்ச்சி இடம் வேறொருவருக்குப் போய்விடும். போகவும் முடியாது, இங்கே ஒரு வேலையில் சேரவும் மனம் வராது. சாயங்காலமானால் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடிவிடுகிறேன்.

கரையோர மின்கம்பியில் வரிசையாகத் தகைவிலான் குருவிகள். செங்கழுத்து, பிளந்த வால். இவற்றைப் பார்க்கக் கற்றதே எஸ்டோனியாவில்தான். கூடப் படிக்கும் மார்ட் வீட்டில், இவை கூடு கட்டட்டும் என்று கோடை முழுக்க மாட்டுக்கொட்டகையை மூடுவதில்லை. சின்ன வயதிலிருந்து என் தலைக்கு மேலேயே பறந்தவற்றின் பெயரை அவ்வளவு தூரம் போய்த் தெரிந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டுப் பட்டு வியாபாரி கோபால் மாமா ஒருநாள் கேட்டார்: “டெய்லி எங்கப்பா கிளம்பிகினு இருக்கிற?” தகைவிலான் என்றால் விளங்காதே என்று, “குருவி வேலைதான் மாமா, சீசன் முடியறதுக்குள்ள பாத்துடணும்,” என்றேன்.

அந்த வாரமே அம்மா பிடித்துக்கொண்டார். “இன்னாடா, நீ குருவியா? அதான் பாஸ்போர்ட்ட புடுங்கி வெச்சிகினாங்கன்னு தெருவே பேசுது.”

விமானத்தில் அடுத்தவர் தங்கத்தைக் கடத்தி வருபவனுக்கும் நம் ஊரில் குருவி என்றுதான் பெயர். மறந்தே போயிருந்தேன். சிரித்துவிட்டேன்.

“சிரிச்சிகினு நிக்காத. உன் தங்கச்சி மாமியாரு போன் பண்ணி கேக்கிறாங்க.”

மறுநாள் மாமாவை ஏரிக்கரைக்கே இழுத்துப் போனேன். வெகுநேரம் பார்த்தார். “அட, நெஜமாவே குருவிதான். இதுங்க உன் ஊருக்கா போவுது?”

‘உன் ஊர்’ சுருக்கென்றது. ஆமாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் மார்ட் ஏற்கெனவே சொல்லியிருந்தான்: அவன் வீட்டுப் பறவைகள் குளிருக்கு ஆப்பிரிக்கா போகின்றன. நம் கம்பியில் உட்காருபவை சைபீரியா பக்கத்தவை.

“இல்ல மாமா. அது வேற, இது வேற.”

“அப்ப இதுங்களும் உன்ன கூட்டினு போவாது,” என்றார்.

ஏப்ரல் வெயிலில் கம்பி காலியானது. தூதரகத்திலிருந்து பதில் இல்லை. நேற்று ஏரிக்கரையில் நிற்கும்போது மார்ட்டின் செய்தி வந்தது: ‘எங்களுடையவை வந்துவிட்டன.’

‘எங்களுடையவை போய்விட்டன’ என்று தட்டினேன். முதல் சொல்லை அழித்தேன். அந்த இடத்தில் என்ன போடுவதென்று தெரியவில்லை. வெறும் கம்பியைப் படமெடுத்து அனுப்பினேன்.