அரக்கு வைத்த கத்தி

மலையேறப் போகும் மகனுக்குக் கத்தி வாங்க வந்திருக்கிறோம். அவன் கூர் பார்க்கிறான். நான் கத்தியை உறையோடு வாங்கி, உறைமேலேயே அலகை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிடியைப் பலங்கொண்ட மட்டும் இழுக்கிறேன்.

என் சிறுவயதில் அடி அண்ணாமலையில் இருந்தோம். தீபத் திருவிழாக் கடையில் அம்மா இரண்டு கத்திகளை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஒன்றின் பிடியில் ஆணி அறைந்திருந்தது. மற்றதில் அரக்கை உருக்கி ஊற்றி அலகைச் செருகியிருந்தார்கள்.

"தழ அறுக்கத்தான, இது போதும். வெல கம்மி" என்று அரக்குக் கத்தியை எடுத்தாள். கட்டைவிரலால் கூரை மட்டும் தடவிப் பார்த்தாள்.

சித்திரையில் ஒருநாள் மலையடிவாரத்தில் தழை அறுத்துவிட்டு, கத்தியைப் பாறைமேல் வெயிலில் வைத்திருந்தாள். புதரில் கட்டியிருந்த எங்கள் ஆடு பாறை விளிம்பில் சறுக்கி, கழுத்துக் கயிற்றில் தொங்கிவிட்டது. கீழே முள்காடு, இறங்கித் தாங்க வழியில்லை. இருவரும் இழுத்தோம், மேலே வரவில்லை. பாரத்தில் முடிச்சும் இறுகிவிட்டது.

"கத்தியக் குடுடீ!"

ஓடி எடுத்துக் கொடுத்தேன். அம்மா கயிற்றில் வைத்து அழுத்தினாள். வெயிலில் அரக்கு இளகியிருந்தது. அலகு கழன்று பாறை இடுக்கில் விழுந்தது. கையில் வெறும் மரப்பிடி. அதை எறிந்துவிட்டு, குனிந்து கயிற்றைப் பல்லால் கடிக்கத் தொடங்கினாள்.

ஆட்டின் கால்கள் உதைப்பது நின்றது.

"போதும்மா, செத்துப்போச்சு" என்றேன்.

அவள் கடிப்பதை நிறுத்தவில்லை.

"பிடி கெட்டியாதாங்க இருக்கு, விட்டுடுங்க" என்கிறார் கடைக்காரர்.

இன்னும் ஒருமுறை இழுக்கிறேன்.