ஒரு காய்க்காக ஒரு பெட்டி

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, மலை ஊரான பிரிஞ்சாங்கில் உள்ள எங்கள் கடைக்கு வந்த ஒருவர், உறை பிரிக்காத புது விளையாட்டுப் பெட்டியைத் திறந்து அதிலிருந்து ஒரேயொரு காயை மட்டும் எடுத்துத் தருமாறு கேட்டார். இலவசமாக.

அது என் மனைவி கோமளா தொடங்கிய கடை. நான் கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அமைதியாகச் செடி வளர்க்கலாம் என்றிருந்தேன். அவளோ போர்ட் கேம் கடை திறந்தாள். அட்டைகள், பகடைகள், மரக்காய்கள், உட்கார்ந்து விளையாட மூன்று மேசைகள். மழை விடாத மலையில் மனிதர்கள் கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பது அவள் வாதம். வாதத்தில் பிழையில்லை.

இவ்வாண்டின் தொடக்கத்தில் அவள் காலமானாள். கடையை இப்போது நான் நடத்துகிறேன்.

காய் கேட்டு வந்தவர் சிவநேசன். மேலே தேயிலைத் தோட்டத்தில் அலுவலக எழுத்தர். முப்பது வயதுதான் இருக்கும். ஆனாலும் எழுத்தரை அழைக்கும் தோட்டத்து வழக்கப்படி எல்லாருக்கும் அவர் ‘கிராணி’. சனிக்கிழமை தவறாமல் நண்பர்களோடு வந்து ஒரு மேசையைப் பிடித்துக்கொள்வார்.

“சார், என் செட்ல ஒரு நீலக் கப்பல் காணாப் போச்சு. ஒண்ணே ஒண்ணுதான். புதுப் பெட்டியில இருந்து எடுத்துக் குடுங்க லா.”

“இங்க வாங்கின செட்டா, கிராணி?”

“இல்ல சார், ஆன்லைன்ல. அங்க மலிவு.” அதைச் சொல்வதில் அவருக்குச் சிறிதும் தயக்கமில்லை.

“அப்ப காயையும் அவங்ககிட்டயே கேக்கலாமே?”

“அவங்க எப்படி சார் குடுப்பாங்க? அது கம்பெனி லா!”

அப்படியானால் நாங்கள் யார்?

“உங்க பேக்டரி கடையில நான் வந்து, ஒரு பாக்கெட்டப் பிரிச்சு ரெண்டு ஸ்பூன் டீத்தூள் மட்டும் சும்மா குடுங்கன்னு கேட்டா?”

“ஐயோ, அது வேற சார். அது வியாபாரம்.”

பின்னால் அவர் நண்பர் ஒருவர் சிரித்தார். “மாட்டிக்கிட்டான் மச்சான்! சார் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிட்டாரு!”

அது வேறு... இந்தச் சொல்லைத்தான் பல நாளாக யோசிக்கிறேன். பெட்ரோல் பங்கில் பேரம் பேசாதவர், கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரிக்குச் சொன்ன விலையைக் கொடுப்பவர், தன் பொழுதுபோக்கை விற்கும் கடைக்குள் நுழைந்ததும் மாறிவிடுகிறார். அங்கே கடைக்காரர் நண்பராக இருக்க வேண்டும். நூலகராக இருக்க வேண்டும். விதி மறந்துபோனால் இரவு உணவு நேரத்திலும் போனை எடுக்க வேண்டும். விலை மட்டும் இணையத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். தாம் நேசிப்பதை விற்பவருக்கு, அந்த நேசமே ஊதியம் என்று நம்புகிறார்களா?

கிராணி கடைசியாக ஒன்று சொன்னார். “ஆன்ட்டி இருந்தா குடுத்திருப்பாங்க.”

உண்மை. கொடுத்திருப்பாள். கொடுத்தும் இருக்கிறாள். கவுண்டருக்குப் பின்னால் ஓர் அலமாரி முழுக்கப் பிரித்த பெட்டிகள். ஒன்றில் சிவப்புக் குதிரை இல்லை. ஒன்றில் பகடை இல்லை. ஒன்றில் ஓர் அட்டை குறைகிறது. பொறுப்பேற்ற புதிதில், சரக்கு அனுப்பியவர் ஏமாற்றிவிட்டார் என்றே எண்ணினேன். பிறகு ஒவ்வொருவராக வந்து ‘ஆன்ட்டி குடுப்பாங்களே’ என்றபோதுதான் விளங்கியது. ஒரு காய் போன பெட்டியை யாரும் வாங்குவதில்லை.

அவள் இலவசமாகக் கொடுத்தாள் என்பது சரியன்று. விலை இருந்தது, கேட்டவர்கள் கட்டவில்லை, அவ்வளவுதான். வாடகைக்குக் குறைந்ததை என் ஓய்வூதியம் நிரப்பியது. இப்போது வாடகை ஏறிவிட்டது, ஓய்வூதியம் ஏறவில்லை. இனி கடை தன் காலில் நிற்க வேண்டும். இல்லையேல் மூட வேண்டும். மூடுவதாக இல்லை. காரணத்தை இங்கே விரித்து எழுதப் போவதுமில்லை.

“பெட்டியப் பிரிக்க முடியாது கிராணி. அடுத்த வாரத்திலிருந்து மேசைக்கும் கட்டணம் உண்டு.”

“இப்படிப் பண்ணா யாரு சார் வருவா? நாங்க வர்றதாலதான் இது கடை!”

நண்பர்களோடு எழுந்து போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை யாரும் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும். மூன்று மேசைகளையும் துடைத்தேன். யாரும் உட்காராத மேசையைத் துடைப்பது சீக்கிரம் முடிந்துவிடுகிற வேலை. சுவரில் மாட்டியிருந்த மேசைக் கட்டண அட்டையைக் கழற்றிவிடலாமா? கை போனது உண்மை. கழற்றவில்லை.

மூன்றாம் வாரம் படியில் காலடிச் சத்தம். முதலில் வந்தவர் தேவகி. ரிங்லெட் ஊர் கிளினிக்கில் தாதியாக இருப்பவர், கிராணியின் குழுவில் ஒருவர். பின்னால் மற்றவர்கள். எல்லாருக்கும் பின்னால், போனைப் பார்த்தபடி, கிராணி.

“சார், மேசைக்குக் காசு குடுக்கிறோம். ஆனா ஒரு கண்டிஷன்” என்றார் தேவகி.

“சொல்லுங்கம்மா.”

“காசு வாங்கினா கடைக்காரர் கடைக்காரரா இருக்கணும். புது கேம் வந்தா ஆன்ட்டி எங்களோட உக்காந்து ஆடிக் காட்டுவாங்க. நீங்க கவுண்டர்ல பேப்பர் படிக்கிறீங்க. அப்புறம் எதுக்குக் குடுக்கணும்?”

இது நியாயமற்ற எதிர்பார்ப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாடிக்கையாளர் எதற்குக் காசு தருகிறார் என்பதைக் கடைக்காரனும் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும் அல்லவா?

சன்னலோர மேசையில் கோமளாவின் நாற்காலி இருந்தது. அதில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன்.

புதிதாக வந்த ஓர் ஆட்டத்தின் விதிப் புத்தகத்தை உரக்கப் படித்தேன். “சார், பரீட்சைக்கா படிக்கிறோம்? பகடையப் போடுங்க லா” என்றார் தேவகி. போட்டேன். அரை மணி நேரத்தில் என் துறைமுகங்கள் எல்லாம் பறிபோயின. எஞ்சியிருந்த ஒரு கப்பலையும் தவறான இடத்துக்கு நகர்த்தினேன்.

கிராணி அன்று முதன்முறையாக வாய் திறந்தார். “சார், இப்பதானே கத்துக்கிறீங்க. அதைத் திருப்பி எடுத்து வேற எடத்துல வைங்க. பரவால்ல, ஃப்ரீ.”

“வேண்டாம் கிராணி. இங்கே ஃப்ரீ கிடையாது.”

தோற்றேன். கடை திறந்திருக்கிறது.