டோக்கன் அக்கா எடுத்த பாடம்

எங்கள் மருத்துவமனையின் புறநோயாளிகள் பகுதியில் நுழைந்ததும் இடப்பக்கம் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அதன் சிறிய சன்னல் திறக்கும். அங்கே உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. தலைமை மருத்துவர் முதல் காவலாளிவரை எல்லாருக்கும் அவர் டோக்கன் அக்கா. நான் மாடியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அவரைவிட நான்கு வயது மூத்தவன். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். பன்னிரண்டு வருடத்தில் அது இரண்டு பேருக்குமே உறுத்தியதில்லை.

முப்பத்தாறு வயதில் அவர் பட்டப்படிப்பில் சேர்ந்தார். பட்டம் இருந்தால் நிர்வாகப் பிரிவுக்குப் போகலாம், முதுகு சாய நல்ல நாற்காலி கிடைக்கும், அவ்வளவுதான் காரணம். பொருளாதாரத்தை எடுத்ததற்கும் பெரிய காரணம் கிடையாது. சனி, ஞாயிறில் வகுப்பு நடத்தியது அந்தத் துறை மட்டும்தான். முதல் இரண்டு வருடம் கட்டாயப் பாடங்கள். கசப்பு மருந்து குடிக்கிற மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக முடித்தார்.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் பதினொரு விருப்பப் பாடங்களின் பட்டியலைக் கொடுத்து, இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். படிவத்தின் அடியில் ஒரு கட்டம் இருந்தது. 'உங்கள் ஆர்வம் எதில்? இரண்டு வரிகளில் எழுதுக.'

அந்தக் கட்டம் அவரைப் படாதபாடு படுத்தியது. அவருடைய கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வங்கியியல் எடு, சான்றிதழில் பேங்க் என்று ஒரு வார்த்தை இருந்தால் பார்க்கிறவன் எழுந்து நிற்பான் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். கூடப் படிப்பவர்கள், எதில் சுலபமாக மதிப்பெண் போடுவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா படிவத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் திரிந்தார். ஒரு நாள் கேன்டீனில் டீயை ஆற வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"என்ன வேணும்னு கேப்பாங்க, எங்க வலிக்குதுன்னு கேப்பாங்க. உனக்கு எதுல ஆர்வம்னு இத்தனை வருஷத்துல யாருமே கேட்டதில்லண்ணா. எனக்கே தெரியல."

யாரும் கேட்காமலே மண்டைக்குள் ஓடுவது எதுவோ அதை எழுதுங்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன்.

அவர் மண்டைக்குள் ஓடியது வரிசைதான். எப்படி ஓடாமல் இருக்கும்? விடியும் முன்பே வந்து செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் வரிசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறார். முதல் பேருந்தே எட்டு மணிக்குத்தான் என்கிற ஊரிலிருந்து வரும் கர்ப்பிணிக்கு எந்த நாளும் கடைசி டோக்கன்தான் என்பதும் அவருக்குத் தெரியும். யாரையும் கேட்காமல் அவரே சில ஏற்பாடுகள் செய்து வைத்திருந்தார். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு வேறு நிற டோக்கன். எதிர்பாராமல் வந்து நிற்பவர்களுக்காக இழுப்பறையில் எப்போதும் ஐந்து டோக்கன். இதற்காக ஒரு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறார்.

கடைசித் தேதியன்று கட்டத்தில் இப்படி எழுதினார்: 'வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்பதை எப்படி முடிவு செய்வது? இதைவிட நியாயமான வழி உண்டா?' எழுதியதைப் பார்க்க அவருக்கே கூச்சமாக இருந்ததாம். பொருளாதாரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்களோ என்று பயந்துகொண்டே நீட்டியிருக்கிறார்.

படிவம் வாங்கியவர் ஒரு இளம் பேராசிரியை. முப்பது வயதுகூட இருக்காது. இரண்டு வரியையும் படித்தவர், நிமிர்ந்து அக்காவைப் பார்த்து, என்ன வேலை, எத்தனை வருடமாக என்று விசாரித்திருக்கிறார். முதல் வாரம் எந்த வகுப்பிலும் உட்கார்ந்து பார்க்கலாம், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி, 'பங்கீடும் பொருத்தமும்' என்ற பாடத்தின் மேல் விரலை வைத்தார்.

"கணக்கு வருமா மேடம்? எனக்கும் கணக்குக்கும் ஆகாது," என்றார் அக்கா.

"நீங்க பன்னெண்டு வருஷமா போட்டுட்டு இருக்கறது இந்தக் கணக்கத்தான்," என்றார் பேராசிரியை.

அக்கா மூன்று வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்தார். வெளிநாட்டு வணிகம் கேட்க நன்றாக இருந்தது, வெளியே வந்ததும் மறந்துபோனது. வங்கியியலில் தூக்கம் வந்தது. மூன்றாவதாகப் பேராசிரியையின் வகுப்பு. அவர் பலகையில் எதுவும் எழுதவில்லை. அக்காவையும் சேர்த்து எட்டுப் பேரை முன்னால் வரச் சொல்லி ஆளுக்கொரு விடுதி அறை எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு அறையும் எப்படிப்பட்டது என்று விளக்கிவிட்டு, யாருடைய அறை உங்களுக்கு வேண்டுமோ அவரை நோக்கி விரலை நீட்டுங்கள் என்றார். விரல்கள் நீண்டன. அக்கா நீட்டியது ஒரு தையல்காரரை நோக்கி. தையல்காரர் ஒரு போலீஸ்காரரை நோக்கி, போலீஸ்காரர் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணை நோக்கி. அந்தப் பெண்ணின் விரல் அக்காவைக் காட்டியது.

"வட்டம் வந்துடுச்சு பாருங்க. இந்த நாலு பேரும் சீட்டை மாத்திக்கிட்டு உக்காருங்க."

நாலு பேருக்கும் கேட்டதே கிடைத்தது. யாரும் விலை பேசவில்லை, யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. மீதி நான்கு பேர் மறுபடி விரல் நீட்டினார்கள். எத்தனை பேர் நின்றாலும் எங்காவது ஒரு வட்டம் வந்தே தீரும் என்று பேராசிரியை நிரூபித்துக் காட்டினார். அக்காவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்ததாம். இத்தனை காலம் வரிசை என்றால் நேர்கோடு என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

பிறகு பேராசிரியை சாதாரணமாகச் சொன்னார், சில இடங்களில் சிறுநீரகத்தை இப்படி மாற்றிக்கொள்கிறார்கள் என்று. கணவருக்குக் கொடுக்க மனைவி தயார், ரத்தம் பொருந்தவில்லை. அதே நிலையில் இன்னொரு குடும்பம். இவர் அவருக்குக் கொடுத்து, அவர் இவருக்குக் கொடுத்தால் இரண்டு உயிர் பிழைக்கும்.

அதற்குப் பிறகு நடந்த பாடம் எதுவும் அக்காவின் காதில் ஏறவில்லை.

திங்கட்கிழமை சன்னலைத் திறக்கும் முன்பே மாடியேறி என்னிடம் வந்தார். முந்தைய வருடம் ஒரே நாளில், ஒரே பெஞ்சில், அடுத்தடுத்த டோக்கனோடு உட்கார்ந்திருந்த இரண்டு குடும்பங்களை அவர் மறக்கவில்லை. ஒருவர் லாரி ஓட்டுநர், சிறுநீரகம் கொடுக்க வந்தவர் மனைவி. இன்னொருவர் பள்ளி ஆசிரியை, கொடுக்க வந்தவர் அவருடைய அண்ணன். நான் பதிவேட்டைப் புரட்டினேன். ஓட்டுநர் ஏ, மனைவி பி. ஆசிரியை பி, அண்ணன் ஏ. இரண்டு தாளிலும் 'பொருந்தவில்லை' என்று என் கையெழுத்து. நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்த ஆசிரியை ஏழு மாதத்தில் இறந்துபோயிருந்தார். ஓட்டுநர் இன்னும் வாரம் மூன்று நாள் டயாலிசிசுக்கு வந்துகொண்டிருந்தார். மற்றச் சோதனைகளும் ஒத்துவந்திருக்க வேண்டும், நிச்சயமாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் யாரும் கேட்டுப் பார்க்கக்கூட இல்லை.

பதிவேட்டில் முப்பத்தொரு ஜோடிகளுக்குப் 'பொருந்தவில்லை' என்று எழுதியிருந்தேன். எழுதிய கையோடு அவர்களை மறந்துமிருந்தேன்.

சிறுநீரக மருத்துவரிடம் இருவரும் சேர்ந்தே போனோம். அவர் முழுவதையும் கேட்டார். இந்த முறையைத் தான் படித்திருப்பதாகவும், பொருந்தாமல் திரும்பிப் போகிறவர்களின் பட்டியல் இருந்தால்தான் செய்ய முடியும் என்றும், அதை வைத்துக்கொள்ள இங்கே ஆள் இல்லை என்றும் சொன்னார்.

"நான் வெச்சுக்கறேன் சார்," என்றார் டோக்கன் அக்கா.

அன்று மாலையே கல்லூரிக்குப் போய் இரண்டு பாடங்களையும் உறுதி செய்தார். ஒன்று 'பங்கீடும் பொருத்தமும்', இன்னொன்று வீட்டில் அமைதி நிலவ வங்கியியல். கடைசியில் வங்கியியலில்தான் மதிப்பெண் அதிகம் வந்தது. அவருடைய கணவர் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

மருத்துவர் ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்டார். பத்துக் குடும்பங்கள் சரி என்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு முடிந்த பிறகு என் பரிசோதனைக் கூடத்து மேசையில் அக்காவும் பேராசிரியையும் ஒரு பெரிய தாளை விரித்து, பெயருக்குப் பதில் எண்களைப் போட்டு, யார் கொடுப்பது யாருக்குப் பொருந்துமோ அவருக்கு அம்புக்குறி இழுத்தார்கள். பெரும்பாலான அம்புகள் எங்கேயோ போய் முட்டி நின்றன. நான்காவது ஞாயிறு, ஓட்டுநரின் எண்ணிலிருந்து கிளம்பிய அம்பு ஒரு பேக்கரிப் பெண்ணின் எண்ணுக்குப் போய்த் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணுக்கு முப்பத்திரண்டு வயது. கொடுக்க முன்வந்தவர் அவளுடைய அப்பா. பேராசிரியை பேனாவை மூடிக் கீழே வைத்தார். அந்த வட்டத்தில் இருந்தது இரண்டு கோடுகள்தான்.

உறுப்பு தானத்தைப் பரிசீலிக்கும் குழுக்களின் அனுமதி கிடைக்க எட்டு மாதம் ஆனது. யாருடையது யாருக்கு என்று இரு குடும்பத்துக்கும் சொல்லக் கூடாது என்பது விதி. ஓட்டுநரின் மனைவியிடம் இதை விளக்கியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று:

"அங்க போய் நல்லா வேலை செய்யுமா டாக்டர்?"

நான்கு அறுவை அரங்குகளும் ஒரே காலையில் திறந்தன. நான்கும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும், ஒரு பக்கம் வாங்கிக்கொண்ட பிறகு மறுபக்கம் மனம் மாறிவிட்டால் என்ன செய்வது என்று வகுப்பிலேயே பேசியிருக்கிறார்களாம். அக்கா ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றார். ஏழரைக்கு நான்கு தள்ளுவண்டிகள் நான்கு கதவுகளுக்குள் போயின. பிற்பகல் ஒரு நர்ஸ் வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கினார்.

"கிட்னி வெச்ச கொஞ்ச நேரத்துலயே மூத்திரம் வந்துடுச்சுக்கா. ரெண்டு பேருக்கும்."

இருபது வருடமாக ரத்தத்தோடு புழங்குகிறவன் நான். அன்று அந்த நர்ஸை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அக்கா சுவரில் சாய்ந்து, கையெடுத்துக் கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாதவர்போல இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் காலை நான் ரத்தம் எடுக்க வார்டுக்குப் போனேன். அக்காவும் கூட வந்தார். ஓட்டுநரின் மனைவி ஒரு கையால் சுவரையும் மறு கையால் விலாவையும் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் மெல்ல நடந்துகொண்டிருந்தார். எதிரே பேக்கரிப் பெண்ணின் அப்பா, விலாவை ஒரு கையால் அணைத்தபடி அதே வேகத்தில் வந்தார். இதற்கு முன் அவர்கள் பார்த்துக்கொண்டதில்லை. பெரியவர் அந்த அம்மா கை வைத்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"உங்களுக்கும் இடது பக்கமாம்மா?"

"ஆமாங்கய்யா. இருமுனாத்தான் உயிர் போகுது."

"தலகாணிய அணைச்சுப் புடிச்சுக்கிட்டு இருமிப் பாருங்க. அவ்வளவா தெரியாது."

அந்த அம்மா தலையாட்டினார். இருவரும் ஒரே பக்கமாகத் திரும்பி, ஆளுக்கொரு சுவரைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து நடக்கத் தொடங்கினார்கள். நானும் அக்காவும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டோம்.